விதைப்பு முடிந்தபின் விடைபெறும் ஆயர் ஹாமோ ஆண்டகைக்கு

உப்பளத்துக் குடிசையில் பிறந்து, உயர்ந்த பேராலயத்தில் உட்கார்ந்தவரே! ஆல்டன்மியர் மறைமாவட்டத்தை இருபத்திரண்டு ஆண்டுகள் அன்பினால் ஆண்டு, இன்று கைத்தடியும் கம்பளிப் போர்வையுமாகத் துறவு மடத்துக்குப் புறப்பட்டு நிற்கும் எங்கள் ஆண்டகையே! வணக்கம். இந்த வீட்டில் அடுப்பு மூட்டுகிறவர்களும், குதிரை தேய்க்கிறவர்களும், துணி வெளுக்கிறவர்களும் கூடிச் சொல்லி எழுதிய மடல் இது. படிக்கும் குரல் நடுங்கினால் பொறுத்தருளுங்கள். அரசரின் ஆட்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் கூடாரம் அடித்துவிட்டார்கள் என்று இன்று காலையில்தான் சேதி வந்தது.

உப்பு காய்ச்சியவரின் மகனாகப் பிறந்து, மடத்துப் பள்ளியில் படித்து, பாடற்குழுத் தலைவராகி, நாற்பத்தாறாம் வயதில் ஆயரானீர்கள். வெள்ளம் கொண்டுபோன பாலத்தை மீண்டும் கட்டினீர்கள். தொழுநோயாளர் இல்லத்தில் மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்து உண்டீர்கள். மற்ற ஆயர்கள் உறுதிபூசுதல் கொடுக்கும் அழகை நாடறியும்! போகிற வழியில் குதிரைமேல் இருந்தபடியே குனிந்து பிள்ளைகளின் நெற்றியில் தைலம் பூசுவார்கள். தாய்மார் குளம்புகளுக்கு நடுவே ஓடிப் பிள்ளையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தாங்களோ முதல் நாளிலிருந்தே இறங்கினீர்கள். சேற்றில் மண்டியிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கேட்டுப் பூசினீர்கள்.

தங்களுக்கு முன்னிருந்த ஆயர் கார்த்திகைக் குளிரில் காலமானதை மறக்க முடியுமா? ஆயர் இல்லாத மறைமாவட்டத்தின் நிலமெல்லாம், அடுத்தவர் வரும்வரை அரசருக்கு. வந்த ஆட்கள் பதினான்கு மாதம் இங்கே தங்கினார்கள். குளத்து மீனைத் தின்றார்கள், கதவுக் கீல்களைக் கழற்றினார்கள். அதெல்லாம்கூடப் போகட்டும். களஞ்சியத்தைத் திறந்து, வசந்தத்தில் விதைக்க வைத்திருந்த வாற்கோதுமையை மூட்டை மூட்டையாக ஏற்றிப்போனார்கள். மறு ஆண்டு வயல் வெறும் மண்ணாகக் கிடந்தது. தங்கள் துணிகளை வெளுக்கும் ஹாவிஸ், அந்த ஆண்டில் இரண்டு பிள்ளைகளை அடுத்தடுத்த வாரத்தில் புதைத்தாள்.

ஆகையால், பதினைந்தாம் ஆண்டில் தங்கள் கண்கள் மங்கத் தொடங்கியபோது, முதலில் நடுங்கியது அவள்தான். பேராயர் ஒரு குருட்டு ஆயரைப் பதவியில் வைத்திருக்க மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே எல்லாரும் சேர்ந்து மறைத்தோம். பூசை செபங்கள் தங்களுக்கு மனப்பாடம். படிகளுக்கு மட்டும் மணியக்காரர் ரானுல்ஃப் துணை. தாங்கள் எண்ணிக்கொள்ள, எத்தனை படியோ அத்தனை இருமல். ஏழாண்டு இருமி அவர் தொண்டையே கரகரத்துப்போயிற்று!

போன அறுவடைக்குப் பின் வந்தாரே, பேராயர் அனுப்பிய ஜெர்வாஸ் அடிகளார்! தங்களுக்குக் கண் தெரியவில்லை என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். வந்தவர் எதுவும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். அதுதான் பயம்.

“உங்க மணியக்காரருக்கு என்ன, காசநோயா?” என்றார் ஒருமுறை.

“தூசி அய்யா, தூசி. இந்த ஹாவிஸ் துணியைத்தான் வெளுப்பா, வீட்டைப் பெருக்க மாட்டா,” என்றார் ரானுல்ஃப்.

“உம்ம வாயைத்தான் ஒருநாள் அடிச்சுத் துவைச்சுக் காயப்போடணும்,” என்றாள் ஹாவிஸ். சிரித்தபடிதான் சொன்னாள்.

மறுநாள் புல்வெளியில் உறுதிபூசுதல். ஹாவிஸ் தங்கள் இடப்பக்கம் நின்று, பூசிய பிள்ளைகளின் நெற்றியில் வெள்ளைத் துணிப்பட்டை கட்டிவிட்டாள். மூன்று நாள் அவிழ்க்கக்கூடாத பட்டை. ஆறடி தூரத்தில் அடிகளார். நாற்பது பிள்ளைகள் கடந்தபின், வரிசையில் ஐந்து வயது டிப்பா நிற்பதைக் கண்டாள். சற்றுமுன்தான் பூசப்பட்டவள்! பட்டையைக் காணோம். வேறொருத்தியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வந்து நிற்கிறாள்.

ஒருவருக்கு ஒருமுறைதான் உறுதிபூசுதல். இரண்டாம் முறை பூசுவது பெரும்பாவம். கத்தினால், இது ஆயருக்குத் தெரியவில்லையா என்று கேட்பார்கள். கத்தாவிட்டால், அடிகளார் கண்ணெதிரே பாவம் நடக்கும். இரண்டில் எது நடந்தாலும் களஞ்சியத்துக் கதவு திறக்கும். ஹாவிஸ் முடிவெடுப்பதற்குள் தங்கள் கை எழுந்தது. கட்டைவிரல் குழந்தையின் நெற்றியைத் தொட்டது.

நின்றது.

“அடி கள்ளி,” என்றீர்கள். “உனக்குத்தான் பூசியாச்சே! பட்டை எங்கே?”

“ஆட்டுக்குட்டிக்குக் கட்டிட்டேன். அதுவும் கேட்டுச்சு.”

கூட்டம் சிரித்தது. அடிகளார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இத்தனை பிள்ளைங்கள்ல ஒரு முகத்தை மறக்கலையே! இவருக்குக் கண்ணு தெரியலைன்னு எழுதினவன் கண்ணைத்தான் சோதிக்கணும்!” விலாங்குமீன் தின்றுவிட்டு, அன்று மாலையே குதிரையேறிப் போனார்.

முன்பே பூசிய தைலத்தின் ஈரம் விரலில் பட்டதைத் தாங்கள் பிறகுதான் சொன்னீர்கள். அப்போது ஹாவிஸ் துணிக்கூடை அருகே உட்கார்ந்திருந்தாள்.

“ஹாவிஸ், பல்லு அடிக்கிற சத்தம் கேக்குதே. குளிருதா?”

“ஆமா சாமி.”

“இந்த வெயில்லயா? எனக்காக எத்தனை பேரு பொய் சொல்றீங்க! போதும். நாளைக்கே பேராயருக்கு உண்மையை எழுதிடறேன்.”

“வேண்டாம் சாமி!” அவள் தங்கள் அங்கியைப் பற்றிக்கொண்டாள். “களஞ்சியத்துல விதை இருக்கு.”

தாங்கள் குனிந்து, அங்கியைப் பற்றிய அவள் கையைத் தடவிப் பிடித்தீர்கள்.

“சரி,” என்றீர்கள். “விதை மண்ணுக்குள்ள போற வரைக்கும் இருக்கேன். அதுவரைக்கும் சொல்ற பொய்யெல்லாம் என் தலையில. உங்க யார் தலையிலயும் இல்ல.”

சொன்ன சொல் தவறாத செம்மலே! குளிர்காலம் முழுதும் கதவு தட்டப்பட்டபோதெல்லாம் இந்த வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பனி உருகியதும் தாங்கள் காலைதோறும் கேட்டது ஒன்றே: “இன்னும் எத்தனை வயல்?” தவக்காலத்தின் ஐந்தாம் செவ்வாயன்று ஹாவிஸ் மண் ஒட்டிய கையோடு வந்து, “முடிஞ்சுது சாமி, கூடை காலி,” என்றாள். அன்று நண்பகலே, பேராயருக்கு உண்மையை எழுத எழுத்தரை அழைத்தீர்கள். இன்று, பதவி துறக்கும் ஆயருக்குரிய வழக்கப்படி, தங்கள் முத்திரை பீடத்தின் முன்னே சுத்தியலால் உடைக்கப்பட்டது. ஒவ்வோர் அடிக்கும் நாங்கள் துள்ளினோம். தாங்கள் துள்ளவில்லை.

ஆண்டகையே, மறைக்க மாட்டோம்: எங்களுக்குப் பயமாக இருக்கிறது. மடியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது. நாளை வருகிறவர்கள் மாட்டை ஓட்டிப்போகலாம், மரத்தை வெட்டலாம், கூரை ஈயத்தை உரிக்கலாம். ஆனால் மண்ணுக்குள் இருப்பதை மூட்டை கட்ட முடியாது. ஹாவிஸ் இன்று வயலைப் பார்த்துவிட்டு வந்து, தங்களிடம் சொல்லச் சொன்னாள்: “முளைச்சிருக்கு சாமி. விரல் உசரம்.”

மடத்துச் சுவர்களுக்குள் தங்கள் மார்பில் சளி கட்டாதிருக்கட்டும்! நடக்கும் வழியெல்லாம் யாரேனும் ஒருவர் தங்களுக்காக இருமட்டும்! நூறு பிறந்தநாள் கண்டு, நோயின்றி வாழ்க! ஆவணியில் புதுத் தானியத்தில் சுடும் முதல் ரொட்டியைப் பீடத்தில் மந்திரித்தபின், அதில் பாதியைத் தங்களுக்கு அனுப்புவோம். அது வந்து சேர்ந்தால், பிள்ளைகளெல்லாம் உயிரோடு இருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். வராவிட்டால், எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி செபியுங்கள். எல்லாப் பெயரும் தங்களுக்குத் தெரியும்.

தங்கள் ஆசீர் வேண்டி நிற்கும்,
ஆல்டன்மியர் ஆயர் இல்லத்துப் பணியாளர்கள்