ஹாலின்ஸ் சுரங்கத்தில் பம்பு ஓடிய இரண்டு நாள்

ஈனாக் ஃபேர்ஹர்ஸ்ட், வயது 61, தகப்பனார் பெயர் சைலஸ், தொழில் பம்பு எஞ்சின் ஓட்டுவது, மனைவி இறந்து ஒன்பது வருடம், பிள்ளைகள் இல்லை, லங்காஷயர் ஹாலின்ஸ் கால்வாய்ப் படகுத்துறை, எஞ்சின் வீட்டில் குடியிருப்பவர், 1895 பிப்ரவரி 12ஆம் தேதி மரண விசாரணை அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலம்:

நான் மேற்படி வீட்டில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறேன். ஹாலின்ஸ் நிலக்கரிச் சுரங்கம் 1838இல் கால்வாயின் வடகரையில் தோண்டப்பட்டது. வெட்டிய கரியை நேராகப் படகில் கொட்டிவிடலாம் என்றுதான் அங்கே தோண்டினார்கள். நல்ல காலத்தில் நாற்பது பேர் இறங்கினார்கள். அதன்பின் கரிப் படுகை மெலிந்தது, ரயிலில் வந்த கரி மலிவாகக் கிடைத்தது, சென்ற நவம்பர் 3ஆம் தேதி மூடிவிட்டார்கள். ஆட்கள் எல்லாரும் வேறு ஊர்களுக்குப் போனார்கள். எஞ்சினுக்குக் காவலாக என்னை மட்டும் வைத்தார்கள். அதை ஓட்டக் கூடாது என்பது சுரங்க முதலாளியுடைய முகவரின் உத்தரவு.

எங்கள் பம்பு சுரங்கத்துத் தண்ணீரைக் கால்வாயில் கொட்டும். அது வெதுவெதுப்பான தண்ணீர். பம்பு ஓடினால் துறையில் ஐஸ் கெட்டிப்படாது. ஆகவே குளிர்காலத்தில் ஓட்டும்போது இரண்டு கரையோரமும் சாம்பலைக் கோடாகக் கொட்டிவைப்பது எஞ்சின்காரன் கடமை. கோட்டைத் தாண்டி யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

பம்பு நின்ற பிறகு இந்தக் குளிர்காலத்தில் துறை கல்லாக உறைந்தது. எதிர்க்கரையில் இருக்கும் டாமரிஸ் பில்லிங் என்ற விதவை, வயது 52, ஐஸ் மேல் நடந்து வாரம் இரண்டு தடவை எனக்கு ரொட்டி கொண்டுவருவார். அவர் மகன் ஆம்புரோஸ் எங்கள் சுரங்கத்தில் கரி வெட்டியவர், மூடியபின் பிழைப்புக்காக வேல்ஸ் போனார். "ஏன்யா ஈனாக்கு, செத்த எஞ்சினுக்குத் தெனம் எண்ணெ போட்டு யார மயக்கப் போற?" என்று டாமரிஸ் கேலி செய்வார். அவர் வராத நாட்களில் நான் யாரோடும் பேசியதில்லை.

சனிக்கிழமை அவர் டவுனில் தங்கை வீட்டுக்குப் போனார். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார். ஞாயிறு காலை நான் கொதிகலனில் தீ மூட்டிப் பம்பை ஓட்டினேன். குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க ஓட்டினேன் என்று நேற்று கான்ஸ்டபிளிடம் சொன்னது பொய். அந்தச் சத்தம் கேட்க வேண்டும் போல் இருந்தது, அதனால் ஓட்டினேன். அது நின்றதிலிருந்து என் மூச்சு எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது, என்னால் தாங்க முடியவில்லை. சாம்பல் கொட்டவில்லை. பம்பை நிறுத்தினால் சத்தம் போய்விடும், சாம்பல் கறை போகாது, வியாழக்கிழமை வரும் முகவர் அதைப் பார்த்தால் நான் ஓட்டியது தெரிந்து வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார். டாமரிஸ் வருவதற்குள் நிறுத்திவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

அதன்பின் திங்கள் காலை சுமார் பத்து மணிக்கு எதிர்க்கரையில் அவர் குரல் கேட்டது. ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார். ஆள் இறங்குவதாக இருந்தால்தான் பம்பு ஓடும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். "ஈனாக்கு! தொறந்துட்டாங்களா? எம்புள்ளைக்குக் கடுதாசி போட்டுரட்டுமா?" என்று கத்திக்கொண்டே கரையிறங்கினார். சிரித்துக்கொண்டு வந்தார். இல்லை என்று சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடுமே என்று நான் சற்று நேரம் வாயடைத்து நின்றேன். அதன்பின்தான் "வராத, நில்லு" என்று கத்தினேன். அதற்குள் நடுவில் இருந்தார். ஐஸ் மேல் பனி மூடி எல்லா இடமும் ஒன்றுபோல வெள்ளையாக இருந்தது. உடைந்து உள்ளே போனார். நான் படகுக் கொக்கியை எடுத்துக்கொண்டு இறங்கித் தேடினேன். சுமார் பத்து நிமிடம் கழித்து அவர் பாவாடையில் கொக்கி மாட்டியது. உயிர் இல்லை. கரையில் கிடத்தி என் கோட்டைப் போர்த்தினேன், அதன்பின் போய்ப் பம்பை நிறுத்தினேன்.

அவர் கவனக்குறைவாக நடந்து விழுந்ததாக எழுதப்போகிறார்கள் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அப்படி எழுத வேண்டாம். அவர் அந்தக் கரையில் பிறந்தவர், சாம்பல் கோடு இருந்திருந்தால் நின்றிருப்பார். ஆம்புரோஸ் வியாழக்கிழமை வருவதாகத் தந்தி வந்திருக்கிறது. அவருக்கு இதைப் படித்துக் காட்டும்போது நானும் அங்கே நிற்க அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேற்கண்டதை எழுத்தர் உரக்கப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
ஈனாக் ஃபேர்ஹர்ஸ்ட்