ஓல்வென் ப்ரொதெரோ நன்ட்வென் சுரங்கத்துக்குள் இறங்கியது

பெயர்: ஓல்வென் ப்ரொதெரோ. வயது: 34. கணவர்: இஃபோர் ப்ரொதெரோ, நிலக்கரி வெட்டுபவர். முகவரி: 9, சேப்பல் தெரு, நன்ட்வென் கிராமம், தெற்கு வேல்ஸ். நாள்: 19 அக்டோபர் 1935. காவல் ஆய்வாளர் விசாரித்தபோது சொன்னது:

நான் மேற்படி முகவரியில் கணவருடனும் இரண்டு மகள்களுடனும் குடியிருந்து வருகிறேன். எங்கள் ஊர் சுரங்கத்தால் உண்டான ஊர். என் மாமனார் முதல் குழியைத் தோண்ட வந்தவர், பிறகு அதற்குள்ளேயே இறந்தவர். நூலகம், மன்றம், வாத்தியக் குழு எல்லாமே சுரங்கத் தொழிலாளர்கள் தாங்களாக உண்டாக்கிக்கொண்டவை. தொழிலாளர் சங்கத்தை உடைப்பதற்காகக் கம்பெனி வெளியூர் ஆட்களை வேலைக்கு வைத்தது. அதை எதிர்த்துச் சென்ற திங்கட்கிழமை என் கணவரும் அவருடன் இறங்கியவர்களும் வேலை முடிந்தும் மேலே வராமல் அடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகு பெண்களாகிய நாங்கள் ஜெபக்கூடமான சேப்பலின் பின்கூடத்தில் ரொட்டி வெட்டி, தேநீர் போட்டு, ஆட்களை ஏற்றி இறக்கும் சுரங்கக் கூண்டில் கீழே அனுப்பிவந்தோம். வாத்தியக் குழுவினர் குழி வாயைச் சுற்றி நின்று கீழ்நோக்கி ஊதினார்கள். அவர்கள் நிறுத்தினால், அடியில் ஆண்கள் பாடுவது காற்றோடு ஏறி வரும்.

இன்று காலை நாங்கள் ரொட்டிக் கூடைகளுடன் போனபோது மேலாளர் திரு. கார்பெட் வழிமறித்து, இனி உணவு இறங்காது என்றார். "உங்க வீட்டு ஆம்பளைங்களே மேல வரணும்னு கெஞ்சுறாங்க. நாலு பேர்தான் அவங்கள வர விடாம புடிச்சு வச்சிருக்கானுங்க" என்றும் சொன்னார். அந்தச் சமயத்தில், அடியில் உட்கார்ந்திருந்தவர்களில் காய்ச்சல் கண்ட மடோக் எலிஸ் என்பவரைக் கூண்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அவர் என் கையைப் பிடித்து, "உன் சின்னவளுக்கு உசுரு இருக்கா, ஓல்வென்?" என்று கேட்டார். என் சின்ன மகள் அப்போது மன்றத்து வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். அவள் சாகக் கிடப்பதாகவும், நான் அழுது கூப்பிடுவதாகவும் மேலாளர் சுரங்கத் தொலைபேசியில் இஃபோரிடம் சொல்லியிருக்கிறார் என்பது மடோக் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இஃபோர் ஏறினால் அவரைப் பார்த்து மற்றவர்களும் ஏறிவிடுவார்கள் என்று மடோக் சொன்னார்.

அதன் பிறகு நான் யோசிக்கவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூண்டுக்குள் ஏறினேன். பக்கத்து வீட்டு டில்லி பிவன், "அடி பைத்தியக்காரி, பொம்பளைங்க கீழ போகக்கூடாதுடி!" என்று கத்தினாள். நான் கூண்டைவிட்டு வெளியே வரவில்லை என்று கண்டதும், "அப்ப இதையும் எடுத்துட்டுப் போய்த் தொலை" என்று இன்னொரு கூடையைத் திணித்துக் கூண்டின் கதவைச் சாத்தினாள். மற்றப் பெண்கள் மேலாளரைச் சுற்றி நின்று தோத்திரப் பாட்டு பாடினார்கள். அவரை நான் தள்ளவில்லை. அவராகவே பின்வாங்கித் தேநீர் அண்டாவில் உட்கார்ந்தார். இறக்கச் சொல்லி மணியடித்தது யார், கூண்டை இறக்கியது யார் என்று ஆய்வாளர் பலமுறை கேட்கிறார்; நான் பார்க்கவில்லை.

கூண்டு இறங்கியபோது கூடைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பயந்தேன், ஆனாலும் சிரித்தேன். அடியில் விளக்குகள் தெரிந்தன. முகங்கள் எல்லாம் ஒரே கருப்பு, கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை. "இதுல இஃபோர் ப்ரொதெரோ யாரு?" என்று கேட்டேன். "கட்டினவனையே தெரியலையாம்டா!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கூண்டுக்கு அருகில், மேலே ஏறத் தயாராக, கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தொப்பியும் வைத்து நின்றிருந்தார். அவரே என் கணவர்.

"புள்ள?" என்றார்.

"கயிறு தாண்டிட்டு இருக்கா. முட்டிய சிராய்ச்சுக்கிட்டா, அவ்ளோதான்."

அவர் தரையில் உட்கார்ந்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசிப் பொத்தானை நான் கழற்றிவிட்டேன். அதன் பிறகு நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "மேல இருக்கற ஒருத்தியும் உங்கள வரச் சொல்லல. எவன் சொன்னாலும் நம்பாதீங்க. ரொட்டியத் தின்னுட்டு உக்காருங்க!" என்றேன். அவர்கள் போட்ட கூச்சலில் கூரையிலிருந்து தூசி கொட்டியது. என் கணவர், "நீ எப்படிடி இறங்கின?" என்று கேட்டார். "நீ தினம் இறங்கற மாதிரிதான்" என்றேன். அதன் பிறகு மேலே வந்தேன். அங்கே காவலர் என்னைக் கைது செய்தார்.

இவ்வளவும் சொல்லிவரும்போது தெருவில் பெரும் சத்தம் கேட்டு ஆய்வாளர் ஜன்னலைத் திறந்தார். டில்லி பிவன் கீழே நின்று, "கம்பெனி ஒத்துக்கிச்சுடி! வெளியூர்க்காரங்கள பஸ்ஸுல ஏத்தி அனுப்பிட்டாங்க! நம்மாளுங்க மேல வர்றாங்க!" என்று கத்தினாள். ஆய்வாளர் என்னை உட்காரச் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை. மறுபடியும் இறங்குவாயா என்று கேட்டார். இறங்குவேன்.

இதை எனக்கு முழுதும் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதே எழுதப்பட்டிருக்கிறது, எல்லாம் நடந்தது, யாரும் மிரட்டிச் சொல்லவில்லை. வாத்தியக் குழு ஊதத் தொடங்கிவிட்டதால் நின்றபடியே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஓல்வென் ப்ரொதெ

ஆய்வாளர் குறிப்பு: கையெழுத்து முடியுமுன் கைதானவர் ஓடிவிட்டார். தடுக்கப்படவில்லை.