தட்டியது புருஷன்தான்

ஃபேரர் பார்க்கில் நான் ஏறிய பேருந்தில், முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மகள் பள்ளி கேம்ப்புக்குப் போயிருக்கிறாள் என்று அவர்கள் பேச்சில் தெரிந்தது. அவர்கள் பார்த்துவிட்டு வந்த படத்தில், ரவுடியின் மனைவி தனியாக இருக்கும்போது யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அதோடு படம் முடிந்துவிடுகிறதாம்.

“போலீஸ்தான் லா. புருஷனா இருந்தா சாவி போட்டுத் திறந்திருப்பான்,” என்றார் மனைவி.

“சாவி தொலைஞ்சிருக்கும்.”

“படத்துல எங்கங்க சாவி தொலைஞ்சுது?”

“ஓடுறான், குதிக்கிறான், சுவர் ஏறுறான். பாக்கெட்ல நிக்குமா? சொல்லப் பயந்துக்கிட்டுதான் தட்டுறான்.”

“நாலு கொலை பண்ணவன் சாவிக்குப் பயப்படுவானா?”

“பொண்டாட்டிகிட்ட சொல்லணும்ல.”

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

“உங்க சாவியக் காட்டுங்க.”

அவர் காட்டவில்லை.

“உங்கள நம்பித்தானே என் சாவிய வீட்டுலயே வச்சிட்டு வந்தேன்? பாப்பா சாவியும் அவகிட்ட இருக்கு!”

“அதான் சொல்றேன். தட்டுனது புருஷன்தான்.”

அவர்கள் குவீன்ஸ்டவுனில் இறங்கும்போது கணவர் பூட்டுத் திறப்பவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூலி நூற்றெண்பது வெள்ளியாம்.