இடுக்கில் ஒன்றுமில்லை

நாற்காலி நல்ல நாற்காலிதான் ஐயா, அதில் குறை ஒன்றும் இல்லை. எனக்குத்தான் உட்கார்ந்தால் பேச்சு வராது. உங்கள் ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவே நடந்துகொண்டே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பினால் போதும்.

நான் பாம்பு தேடுகிறவன். பிடிக்கிறவன் இல்லை, அது வேறு பிழைப்பு. காட்டில் பாம்பு இருக்கிற இடத்திலேயே அதைக் கண்டுபிடித்து, நகரத்திலிருந்து வருகிறவர்களைத் தள்ளி நிற்கவைத்துக் காட்டுவோம். அவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பாம்பும் தன் வேலையைப் பார்க்கப் போகும். ஆனால் பாம்பு நம் வசதிக்கு வருமா? காலை முழுக்க அலைந்தும் ஓர் ஓணான்கூடத் தலைகாட்டாத நாட்கள்தான் அதிகம். வந்தவர்களின் முகம் தொங்கிப்போகும். அதை நிமிர்த்துவது என் பொறுப்பு. கதை சொல்வேன்.

ஒரு பாம்பு சாலையைக் கடந்த கதை ஒன்று உண்டு. தலை எதிர்ப்பக்கப் புதருக்குள் போய்விட்டது, வாலைக் காணோம். நான் டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு, கடைக்காரரிடம் ஊர் நியாயம் பேசிவிட்டுத் திரும்பினால், இன்னும் நடுவயிறுதான் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் பேருந்துகள் நிற்கின்றன. இதைச் சொல்லும்போது வந்தவர்களின் கண்ணைப் பார்க்க வேண்டும் நீங்கள். கால்வலியெல்லாம் பறந்துவிடும்.

அப்போது என் மாப்பிள்ளை, அதாவது என் மகளின் கணவர், பையிலிருந்து அளவு நாடாவை எடுப்பார்.

"மாமா, அது சாரை. ஆறடி. நீங்க டீயே குடிக்கல, கடை அன்னிக்கு லீவு."

கோபமாகச் சொல்ல மாட்டார். மரியாதையான மனிதர். ஒருநாளும் என் முன்னால் குரல் உயர்த்தியதில்லை. சட்டையில் ஒட்டிய நூலை எடுத்துவிடுவதுபோல என் கதையிலிருந்து அடிகளை எடுத்துவிடுவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். பிறகு நான் என்ன சொன்னாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார்கள்.

தொழிலில் மட்டும் எங்களுக்குள் உரசல் கிடையாது. பாறை இடுக்கு பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சின்னக் கண்ணாடி ஒன்றில் வெயிலைப் பிடித்து உள்ளே திருப்பினால், இடுக்குக்குள் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிடும். கண்ணாடிக்காரர் ஒருவர், கை வைக்கிறவர் ஒருவர். பாம்பு உரித்துப் போட்ட சட்டையை எடுக்கவோ, ஏறுவதற்குப் பிடிமானம் தேடவோ கை வைத்தாக வேண்டும். கை வைக்கிறவருக்கு உள்ளே தெரியாது. "உள்ள?" என்று கேட்பார். கண்ணாடிக்காரர் "இருக்கு" என்பார், அல்லது "இல்ல" என்பார். அவ்வளவுதான் பேச்சு. கண்ணாடி எப்போதும் என்னிடம்தான். என் கதையில் ஓர் அடியைக்கூட நம்பாத மனிதர், அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பக் கேட்டதே இல்லை.

பிறகு, பாம்பு பார்க்க வந்த ஒரு பல் டாக்டரால் ஒரு விவகாரம் வந்தது. வெயில் ஏறும்வரை பாம்புக்குப் பல் வெளியே வராது என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவர் போய் ஒன்றைக் கையில் தூக்கிவிட்டார். நல்லவேளை, விஷமில்லாதது, ரத்தம் வந்ததோடு சரி. பல் டாக்டரே பல் விஷயத்தில் ஏமாந்தால் அது என் குற்றமா, நீங்களே சொல்லுங்கள்.

அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போது மாப்பிள்ளை சொன்னார்:

"இந்த வாரத்தோட போதும் மாமா. நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க. பேப்பர் படிங்க, டிவி பாருங்க. யாராவது செத்துட்டா நான் என்ன பதில் சொல்றது?"

அவர் சொன்னது நியாயம். அதில் எனக்கு இன்றைக்கும் மறுப்பு இல்லை. ஆனால் என் காலுக்கு நியாயம் புரியவில்லை. கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பின்கதவு, மறுபடி கூடம். "அப்பா, தரை தேஞ்சுடும், கொஞ்சம் உட்காருங்களேன்" என்றாள் மகள். டிவியில் ஒருவன் பாம்பு காட்டிக்கொண்டிருந்தான். அவன் சொன்ன அளவெல்லாம் சரியாக இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த வாரத்தின் கடைசி நடையில், பாறைச்சரிவில் ஒரு சட்டை கிடைத்தது. இடுக்கின் வாயில் பாதி வெளியே, பாதி உள்ளே. இன்னும் ஈரம் காயவில்லை. உரித்தது பக்கத்தில்தான் இருக்கும் என்று அவருக்கும் தெரியும். அதனால்தான் நாடாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் குனிந்து வெயிலை உள்ளே விட்டேன். விரியன். புதுத் தோலில், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. தலை வாசலைப் பார்த்து இருந்தது.

"உள்ள?" என்றார்.

"இல்ல" என்றேன்.

கொல்ல நினைத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் சொல்வதை நம்புகிறாரா என்று பார்க்க நினைத்தேன். நம்பினார். கையை உள்ளே விட்டார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

வண்டியை நான்தான் ஓட்டினேன். மெதுவாகத்தான். குலுங்கினால் விஷம் சீக்கிரம் ஏறும் என்று பின்னால் இருந்த நகரத்துக்காரர்களுக்கு விளக்கினேன், ஒத்துக்கொண்டார்கள். நடுங்கிப்போயிருந்தார்கள், பாவம். அவர்களைத் தேற்ற அந்தச் சாலையைக் கடந்த பாம்பைப் பற்றிச் சொன்னேன். மாப்பிள்ளை கண் திறந்துதான் இருந்தார். உதடு அசைந்தது. ஆனால் எதுவும் சொல்லவில்லை. டீயை இரண்டாக்கினேன். அப்போதும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்போது அவர் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

விபத்து என்று நீங்களே கேஸை எழுதி மூடினீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது நான் வந்து சொன்னால் சிரிக்கிறீர்கள். "பெரியவரே, போன தடவை ரயிலை முழுங்குன பாம்பு, இந்தத் தடவை கொலையா?" என்கிறீர்கள். மாப்பிள்ளை இருந்திருந்தால் உங்களிடம், "சார், இது மட்டும் நிஜம்" என்று சொல்லியிருப்பார். அவருடைய அருமை எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஏன் இத்தனை நாள் கழித்து என்கிறீர்களா? கணவர் செய்த தொழில் நின்றுவிடக் கூடாது என்று மகள் கையில் எடுத்துக்கொண்டாள். நாடா இப்போது அவள் பையில். "நீங்க கூட வந்தாத்தான்ப்பா எனக்கு தைரியம்" என்றாள். நானும் வந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் காலும் அடங்கியிருந்தது. நேற்று வந்தவர்களுக்குச் சாலைக் கதையைச் சொன்னேன். பேருந்துகள் வந்து நிற்கிற இடம். அவள் என் தோளில் கை வைத்துச் சிரித்தாள்.

"நம்பாதீங்க. அப்பா சும்மா கதை விடுறாரு. அது ஆறடி சாரை."

ராத்திரி முழுக்க நடந்தேன் ஐயா. கூடம், சமையலறை, பின்கதவு. என் ஒரே பெண். அவளைத் தூக்கி வளர்த்த கை இது. அதனால்தான் விடிந்ததும் இங்கே கொண்டுவிடச் சொன்னேன். மாப்பிள்ளை கேஸ் பேப்பரில் ஒரு கையெழுத்து பாக்கி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதோ, வெளியே வண்டியில் இருக்கிறாள். ஹாரன் அடிக்கிறாள் பாருங்கள், நேரமாகிறதாம்.

பாறைச்சரிவுக்குத்தான் போகிறோம். கண்ணாடி என்னிடம் இருக்கிறது. அவள் "உள்ளப்பா?" என்று கேட்பாள். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. என்னை உள்ளே வைத்து அந்த லாக்கப் கதவைச் சாத்தச் சொல்லுங்கள்.