கல்யாணப் பெண்தான் டிரம்ஸ்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளம்பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் கீபோர்டு, மற்றவள் கையில் கச்சேரி ஒப்பந்தம் எழுதிய முத்திரைத்தாள். புதிதாக ஒரு பாட்டுக்குழு ஆரம்பித்திருக்கிறார்கள் என்பதும், முதல் கச்சேரி பசியாவரம் தீவில் ஒரு கல்யாணத்தில் என்பதும் அவர்கள் பேச்சிலிருந்தே தெரிந்தது.

"வக்கீலு இன்னாடி சொன்னாரு?" என்றாள் கீபோர்டுக்காரி.

"மைக்குக்கு ஸ்டேஷன்ல பர்மிஷன் வாங்கணுமாம். படகுல எத்துனு போறப்போ ஸ்பீக்கர் நனைஞ்சா யாரு பொறுப்புனு எழுதிக்கணுமாம். அப்புறம், ஒரே ஆளு ரெண்டு பக்கமும் கையெழுத்து போடக்கூடாதாம்."

"யாரு போட்டது?"

"நம்ம செல்விதான். கல்யாண வீட்டு சார்புலயும் அவளே, பேண்டு சார்புலயும் அவளே."

"கல்யாணப் பொண்ணும் அவதான், டிரம்ஸும் அவதான். வேற இன்னா பண்ணுவா?"

இருவரும் சிரித்த சிரிப்பில் கீபோர்டு மடியிலிருந்து நழுவியது. திருப்பாலைவனம் தாண்டும்வரை அவர்களால் பேச முடியவில்லை.

"அப்போ கல்யாண வீட்டுக்கு யாரு கையெழுத்து?"

"மாப்பிள்ளைக்கு பொன்னேரியிலதான வேலை. நேரா போய் அவர்கிட்ட நீட்டினேன். முழுசா படிச்சுட்டு, கீழ ஒரு வரி சேத்துதான் கையெழுத்து போட்டாரு."

கீபோர்டுக்காரியின் சிரிப்பு நின்றுவிட்டது. "கல்யாணத்துக்கு அப்புறம் வாசிக்கக் கூடாதுனு எழுதிட்டாரா?"

மற்றவள் தாளைப் பிரித்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள்.

"தாலி கட்டும் நேரம் மட்டும் டிரம்ஸ் கலைஞர் எழுந்து மணமேடைக்கு வர வேண்டும்."