பங்கருக்குள் பத்திரிகை

“குத்திட்டான்! ஓடுங்கோ!”

பலாலி ஆமி முகாமில் ஷெல் குத்திய ‘டும்’ கேட்டு யாரோ கத்துகிறார்கள். எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. ஷெல் வந்து விழ இருபது எண்ண வேண்டும்; அதுவரை உயிர் நம்முடையது. 1995, ஒக்ரோபர் கடைசி வாரம். காலை பதினொன்று இருபது. யாழ்ப்பாணத்தில் எங்கள் பத்திரிகைக் கந்தோர். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஓட்டும் செல்லத்துரை பின்கதவால் பாய்கிறார், முற்றத்தில் வெட்டிய பதுங்குகுழியை, பங்கரை, நோக்கி. நானும் ஆசிரியரும் மெஷினுக்கடியில் படுக்கிறோம். பதின்நான்கு. பதினைந்து. அப்போதுதான் எனக்கு நினைவு வருகிறது.

“செல்லத்துரை, திரும்பி வா!”

மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. பங்கர் வாசலில் குனிந்து உள்ளே பார்த்தார். நிமிர்ந்தார். பத்தொன்பது.

இருபதை நான் எண்ணவில்லை.

பங்கருக்குள் இடமில்லை. உள்ளே பத்திரிகை இருந்தது. ஐம்பத்தேழு வருடப் பத்திரிகை, அரை வருடத்துக்கு ஒரு தொகுப்பாகக் கட்டி, நூற்றுப்பதினான்கு தொகுப்புகள். கையால் சுற்றிய மெஷினில் அடித்த முதல் தாளிலிருந்து, பொருளாதாரத் தடையால் தாள் கிடைக்காத காலத்தில் பள்ளிக் கொப்பித் தாளில், கோடுகளுக்கு மேலேயே அடித்தது வரை. கலியாணம், களவு, கோயில் வழக்கு, சாவு. ஊரின் வேறு சரித்திரம் எங்கும் எழுதியிருக்கவில்லை. கந்தோர்க் கூரை ஏற்கெனவே ஷெல்லில் பிய்ந்திருந்தது. எரிந்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்தேன். பங்கருக்குள் அடுக்கும் யோசனை என்னுடையது. ஊர் முழுக்க ஆட்களுக்குப் பங்கர் வெட்டியது. பேப்பருக்கு விட்டுக்கொடுத்த விசரர் நாங்கள்தான்.

அடுக்கிய இரண்டு நாளும் செல்லத்துரை காய்ச்சலில் வீட்டில் கிடந்தார். அன்று காலைதான் வந்தார். ஊருக்கெல்லாம் செய்தி சொன்ன நான், அவருக்கு இதைச் சொல்ல மறந்துபோனேன்.

சில நாளில் ஊரே இடம்பெயர்ந்தது. நாங்களும் நடந்தோம். மாரி மழை பங்கருக்குள் இறங்கியது. திரும்பிப் போன ஒருவர் எழுதினார்: எல்லாம் கூழ்.

1998 பெப்ரவரி. ரொறன்ரோ. பனி வழிக்கும் லொறியின் தகடு வீதியில் இடிக்கிறது. நான் இன்னமும் எண்ணுகிறேன். மில்லிக்கன் பிளாசா ஒன்றில், பலசரக்குக் கடைக்கு மேலே, ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் பிழை திருத்துகிறேன். எங்கள் பழைய பத்திரிகையின் வரலாற்றை எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள். எழுதினேன். ‘கடமையில் இருந்தபோது ஷெல் வீழ்ந்து செல்லத்துரை காலமானார்’ என்று ஒரு வரி. பொய் இல்லை. ஆனால் மழுப்பல்.

செல்லத்துரையின் மனைவி புவனத்துக்குப் பிறம்ரனில் வெயார்ஹவுஸ் வேலை. அவருடைய படம் ஒன்று தர, இரண்டு பஸ் மாறி வந்தாள். வரியை வாசித்தாள். பிறகு கேட்டாள்.

“அண்ணை, இவர் ஏன் பங்கருக்குள்ள போகேல்லை? எப்பவும் முதல் ஆளா ஓடுறவரெல்லே.”

இரண்டு வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்திருந்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் நம்பியிருப்பாள்.

“உள்ளுக்கு இடமில்லை, தங்கச்சி. பேப்பர் அடுக்கியிருந்தது. அடுக்கினது நான். அவருக்குச் சொல்ல மறந்திட்டன்.”

அவள் அழவில்லை.

“பங்கருக்கை எத்தினை பேர் கொள்ளும்?”

“ஆறு பேர்.”

“அண்டைக்கு எத்தினை பேர் நிண்டனீங்கள்?”

“மூண்டு பேர்.”

மேசையில் இருந்த படத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். கோட்டைப் போட்டாள். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. அதன்பிறகு நான் போன் எடுத்தால் அவள் தூக்குவதில்லை. நியாயம்தான்.

பழைய கட்டுரையைக் கிழித்துவிட்டேன். வரலாறு கேட்டவர்களுக்கு இதைத்தான் கொடுக்கிறேன்.

போனவை: தொகுப்புகள் நூற்றுப்பதினான்கும். அச்சு மெஷின் ஒன்று. கந்தோர் ஒன்று. ஆள் ஒருவர். கந்தையா செல்லத்துரை, வயது நாற்பத்தொன்று. மறுநாள் எங்கள் பத்திரிகை வரவில்லை. அதனால் அவருடைய மரணச் செய்தி எதிலும் அச்சாகவில்லை. அது அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. படம் இல்லை.