பள்ளிக்கூடப் பின்வாசலுக்குப் பூட்டுப் போட்ட விவரம்

பெயரும் கணவர் பெயரும் முதல் பக்கத்தில் கண்டபடி. வயது முப்பத்து நான்கு. பள்ளிக்கூடத்தின் பின்தெருவில் மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். கணவர் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். எனக்கும் தற்சமயம் வேலை இல்லை.

எங்கள் தெருமுனையில் பர்கரும் பொரித்த கோழியும் விற்கும் பெரிய கடை ஒன்று வருவதாக இருந்தது. வேலைக்கு எங்கள் தெருப் பெண்களையே எடுத்தார்கள். நானும் என் நாத்தனாரும் அதில் உண்டு. பயிற்சி முடிந்து சீருடையும் தொப்பியும் கொடுத்துவிட்டார்கள். இறுதி அனுமதி மட்டும்தான் பாக்கி.

பள்ளி வாசலிலிருந்து நானூறு மீட்டருக்குள் இப்படிப்பட்ட கடை வரக்கூடாது என்று நகரத் திட்ட விதி இருக்கிறது. பள்ளியின் முன்வாசல் பெரிய சாலையில், தொலைவில் இருந்ததால் கடைக்குச் சிக்கல் இல்லை. எங்கள் தெருப் பக்கம் இருந்த பின்வாசலை என்றைக்கோ செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். முன்வாசலுக்குச் சுற்றிப்போய், அங்கே படிக்கும் எங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்தால் சாயங்கால ஷிப்ட்டுக்குப் போய்ச்சேர முடியாது. ஆகவே பின்வாசலைத் திறந்துவிடும்படி நாங்கள் எல்லோரும் போய்த் தலைமையாசிரியையிடம் கேட்டோம். எனக்கு வாய் நீளம் என்று என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். அவரும் மனமிரங்கிச் சுவரை இடித்துக் கதவு வைத்தார். அன்று நாங்கள் கைதட்டினோம்.

அதன்பிறகு திட்ட அலுவலர் வந்து, புதுக் கதவிலிருந்து டேப் பிடித்து அளந்து, கடை விதிக்குள் மாட்டிக்கொண்டது என்றார். "நாங்க கேட்டு வச்ச கதவு சார், நாங்களே மூடிடுறோம்" என்றேன். "வரைபடத்துல ஏறிடுச்சேம்மா. எனக்கும் பள்ளிக்கூடம் போற பிள்ளை இருக்கு, விதி தப்புன்னும் சொல்ல முடியல" என்றார். நல்ல மனிதர். திட்டக்கூட ஆள் கிடைக்கவில்லை.

தெருவில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாத்தனார் மட்டும், "எல்லாம் உங்க வாயால வந்தது அண்ணி" என்று சொல்லிவிட்டு, சீருடையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினாள்.

அதன்பிறகு திட்ட அலுவலரின் மேலதிகாரி பார்வையிட வரும் நாளில் நானே சங்கிலியும் பூட்டும் வாங்கிக் கதவைப் பூட்டினேன். வாசல் புழக்கத்தில் இல்லை என்று கண்ணால் பார்த்தால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மனசு மாறிவிடக் கூடாதென்று சாவியைச் சாக்கடையில் போட்டேன். பள்ளி விடும் நேரம் நினைவில் இல்லை. பிள்ளைகள் மொத்தமாக வந்து கதவில் மோதினார்கள். முதலில் வந்து நசுங்கியது என் மகள். "திறம்மா, திறம்மா" என்றாள். நான் வெளியே நின்று சாக்கடைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். காவலாளி வந்து சங்கிலியை வெட்டினார். மகளுக்குக் கைமுறிவு. அப்போதுதான் வந்துசேர்ந்த அதிகாரி, "பூட்டினாலும் கதவு கதவுதானம்மா" என்றார்.

அதன்பிறகு கடைக்காரர்கள் வேறு ஊரில் இடம் பார்த்துப் போய்விட்டார்கள். அவர்கள் போனபின், இந்த விபத்தைக் காரணம் காட்டிப் பின்வாசலை மறுபடி செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மகளை முன்வாசலுக்குச் சுற்றிப்போய்த்தான் கூட்டிவருகிறேன். அதற்கு இப்போது எனக்கு நேரம் தாராளமாக இருக்கிறது.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், கூட்டியதும் குறைத்ததும் இல்லை. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை.

(ஒப்பம்)